மதுரைப் புதுமண்டபம்: வசந்த மண்டபம் வணிகக் கட்டடமான வரலாறும் நூல் முகவரிச் சான்றுகளும்

ஆய்வுச் சுருக்கம்

மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலின் கிழக்கே அமைந்துள்ள புதுமண்டபம், சிற்பக் கலை நோக்கிலும் நாயக்கர் அரசியல் நோக்கிலும் பலமுறை ஆராயப்பட்டுள்ளது. அது நெடுங்காலம் ஒரு வணிகக் கட்டடமாகவும் இயங்கியது என்பது அவ்வாய்வுகளில் ஓரிரு வரிகளோடு நின்றுவிடுகிறது. அவ்வணிக வாழ்வுக்குரிய சான்றுகளை இக்கட்டுரை கட்டடத்திற்கு வெளியே, சிறப்பாகத் தமிழ் நூல்களின் முகப்புப் பக்கங்களில் தேடுகிறது.

திறவுச்சொற்கள்: புதுமண்டபம், சத்திரம், சாவடி, பெரிய எழுத்து நூல்கள், பதிப்பு முகவரி, அழகர் வேடம்.

முன்னுரை

திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குச் செல்லும் சாலையில் ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி என்னும் இரண்டு ஊர்கள் அடுத்தடுத்து வருகின்றன. இரண்டின் பெயரிலும் வழிப்போக்கர் தங்கும் சத்திரம் நிலைத்திருக்கிறது. ஆனால் இன்று ஒட்டன்சத்திரம் என்றதும் தென்மாவட்டத்தார்க்கும் கேரளத்தார்க்கும் நினைவுக்கு வருவது காய்கறிச் சந்தையே. வழிப்போக்கன் இளைப்பாறும் இடத்தில் விற்பவனும் வந்து அமர்கிறான். காலப்போக்கில் இளைப்பாறல் பெயரில் மட்டும் எஞ்ச, விற்பனை ஊரின் தொழிலாகிவிடுகிறது. தமிழகத்து வணிக இடங்கள் பலவற்றின் வரலாறு இத்தகையது. கடைக்கென்றே எழுப்பப்பட்ட கட்டடங்கள் இங்குக் காலத்தால் பிந்தியவை. வேறொன்றாகத் தொடங்கிக் கடையானவையே மிகுதி.

இவ்வகைமாற்றத்தின் மிகப் பெரிய, மிக நெருக்கமான எடுத்துக்காட்டு மதுரைப் புதுமண்டபமாகும். அண்மைக்காலத்தில் அங்கிருந்த கடைகள் அகற்றப்பட்டுள்ளன. கடைகள் இருந்தவரை அவற்றின் வரலாற்றை எழுத வேண்டும் என்று எவர்க்கும் தோன்றவில்லை. கடைகள் நீங்கிய இந்நிலையில், அவ்வணிகம் ‘ஆக்கிரமிப்பு’ என்னும் ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும் வாய்ப்பு உள்ளது. அச்சொல் போதுமானதா என்பதே இக்கட்டுரையின் வினா.

மண்டபமா, சாவடியா?

புதுமண்டபம் 17ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், திருமலை நாயக்கர் (1623–1659) ஆட்சியில் எழுப்பப்பட்டது. வைகாசித் திங்களில் நிகழும் வசந்த உற்சவத்தின்போது இறைத்திருமேனிகள் எழுந்தருளுவதற்கென அமைந்தமையால் வசந்த மண்டபம் என்றும் வழங்கும். வெயிற்காலத் தண்மைக்காக மண்டபத்தைச் சூழ நீர் நிற்கும் குறுகிய அகழமைப்பு உண்டு. நூற்றிருபதுக்கும் மேற்பட்ட தூண்கள் நான்கு வரிசைகளாக நிற்கின்றன. விசுவநாத நாயக்கர் முதல் திருமலை நாயக்கர் வரையிலான நாயக்க மன்னர் பதின்மரின் சிலைகள், தடாதகைப் பிராட்டி, திருக்கல்யாணம், கரும்பு தின்னும் கல்யானை, கயிலையைத் தூக்கும் இராவணன் ஆகிய சிற்பங்கள் அறிஞர் பலரால் விரித்துரைக்கப்பட்டுள்ளமையின் அவற்றை இங்கு விடுக்கலாம்.

இக்கட்டுரைக்கு வேண்டுவது பெயர். தமிழில் ‘புதுமண்டபம்’, ‘வசந்த மண்டபம்’ என்று வழங்கும் இக்கட்டடத்தை 18, 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர் ஏறத்தாழ ஒருமுகமாக ‘திருமல் நாயக்கின் சௌல்ட்ரி’ என்றே குறித்தனர். ஆடம் பிளாக்கேடர் என்னும் அறுவை மருத்துவர் சர் ஜோசப் பேங்க்சுக்கு மதுரைக் கோயிலைப் பற்றியும் இந்தச் ‘சௌல்ட்ரி’யைப் பற்றியும் எழுதிய மடல், இலண்டன் தொல்பொருளார் கழகத்தின் ஆர்க்கியாலஜியா இதழில் 1792இல் வெளியாயிற்று. அதே ஆண்டில் மதுரைக்கு வந்த தாமஸ் டேனியலின் ஓவியத்திலும், சென்னை அரசின் ஒளிப்படக் கலைஞராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858இல் எடுத்த படங்களிலும், 1876இல் வெளிவந்த ஜேம்ஸ் பெர்குசனின் இந்தியக் கட்டடக்கலை வரலாற்றிலும் இச்சொல்லே பயில்கிறது. பெர்குசன் இதன் நீளம் 333 அடி, அகலம் 105 அடி என்று அளவும் தருகிறார்.

‘சௌல்ட்ரி’ என்பது ‘சாவடி’ என்னும் தென்னிந்தியச் சொல்லின் திரிபு. யூல், பர்னல் இருவரும் தொகுத்த ஹாப்சன்–ஜாப்சன் அகராதி (1886) இதனை வழிப்போக்கர் தங்குமிடம் என்பதோடு பொதுக்காரியங்கள் நடைபெறும் கூடம் என்றும் விளக்குகிறது. 17ஆம் நூற்றாண்டுச் சென்னையில் கும்பினியாரின் ‘சௌல்ட்ரி’ வழக்குகளை விசாரித்த இடம். சுங்கமும் விற்பனைப் பதிவும் அங்கேயே நடைபெற்றன. ஆகவே ஐரோப்பியர் இம்மண்டபத்திற்குச் சூட்டிய பெயரை அறியாமை என்று ஒதுக்குவதற்கில்லை. கருவறையோ கோபுரமோ இல்லாமல், கோயிலுக்கு எதிரே தெருவை ஒட்டி, மக்கள் புழங்கும் நெடுங்கூடமாகக் கண்முன் நின்ற ஒன்றை அவர்கள் தமக்குப் பழகிய பொதுவிட வகைக்குள் அடக்கினர். உற்சவ நாள்களில் மண்டபமாகவும் ஏனைய நாள்களில் சாவடியாகவும் அது விளங்கியதை அப்பெயர் தற்செயலாகப் பதிந்து வைத்துள்ளது. ஆயினும் அவர்களுடைய எழுத்தும் படமும் தூண்களையே நோக்கின. தூணடியில் அமர்ந்திருக்கக்கூடியவன் அவர்களுக்குப் பொருட்டாகவில்லை. இன்றைய சிற்ப ஆய்வாளர் பலர்க்கும் இதே பார்வைதான்.

இவ்விடத்தில் ஒரு சொல்லாராய்ச்சிக் குறிப்பு. ‘ஆவணம்’ என்னும் சொல்லுக்குக் கடைத்தெரு, உரிமைப் பத்திரம் என்னும் இரு பொருளையும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி தருகிறது. பழைய மதுரையின் ஆவண வீதிகளைப் பற்றி நாம் அறிவது இலக்கிய ஆவணத்தால்தான். மதுரைக்காஞ்சி நாளங்காடியையும் அல்லங்காடியையும் வண்ணிக்கிறது. சிலப்பதிகாரத்து ஊர்காண்காதை அறுவை வீதி, கூல வீதி என வகைப்படுத்திக் காட்டுகிறது. சங்ககாலக் கடைத்தெருவுக்குக் கிடைத்த இப்பேறு இருபதாம் நூற்றாண்டுக் கடைத்தெருவுக்கு வாய்க்கவில்லை. அதற்குரிய சான்று வேறு வடிவில் உள்ளது.

முகப்புப் பக்கத்தில் ஒரு கட்டடம்

புதுமண்டபத்தில் பாத்திரம், வளையல், குங்குமம், பூசைப் பொருள், விளையாட்டுப் பொருள், தையல் எனப் பலவகைக் கடைகள் இருந்தன. அவற்றுள் தமக்கென எழுத்துச் சான்றை விட்டுச் சென்றவை புத்தகக் கடைகள் மட்டுமே. பாத்திரம் விற்றவனின் பெயர் பாத்திரத்தில் இல்லை. புத்தகம் விற்றவனின் பெயரும் கடையும் புத்தகத்தில் இருந்தாக வேண்டும் என்று சட்டமே விதித்தது.

1867ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டம், இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் அச்சிட்டவர் பெயர், அச்சிட்ட இடம், வெளியிட்டவர் பெயர், வெளியிட்ட இடம் ஆகியன படிக்கத்தக்க வகையில் அச்சிடப்பட வேண்டும் எனக் கட்டளையிட்டது. அரசின் நோக்கம் கண்காணிப்பு. தமிழ்ப் பதிப்பாளர் அதனை விளம்பரமாக மாற்றிக்கொண்டனர். சட்டத்திற்கு ‘மதுரை’ என்னும் ஊர்ப்பெயரே போதும். ஆனால் இ.மா. கோபாலகிருஷ்ணக் கோன், இ.ராம. குருசாமிக் கோன் ஆகிய மதுரைப் பதிப்பாளர்களின் வெளியீடுகளில் ‘புதுமண்டபம்’ என்னும் பெயரும் இடம்பெற்றது. ‘புத்தகசாலை’, ‘புஸ்தக வியாபாரம்’, ‘புக்ஷாப்’ என்று கடைக்கு வழங்கிய பெயர்கள் வேறுபடினும், மண்டபத்தின் பெயர் மாறவில்லை. தெருப்பெயரோ கதவிலக்கமோ வேண்டப்படவில்லை. மதுரைக்கு ஒருமுறை வந்து சென்ற எவரும் அறிந்த இடமாதலின் அந்த ஒரு சொல்லே முழு முகவரியாயிற்று. பஞ்சாங்கமும் நாடகப் பாட்டுப் புத்தகமும் சிற்றூர்த் திண்ணைகளுக்குச் சென்றபோது அவற்றோடு இக்கட்டடத்தின் பெயரும் சென்றது.

இக்கடைகள் வெளியிட்டும் விற்றும் வந்த நூல்களின் இயல்பு கருதத்தக்கது. அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை, நல்லதங்காள் கதை, தேசிங்குராஜன் கதை முதலிய பெரிய எழுத்துக் கதைப்பாடல்கள், கும்மி, சிந்து, ஒப்பாரி, தாலாட்டு வகைகள், தோத்திரத் திரட்டுகள், சோதிடம், வைத்தியம், மாட்டுவாகடம், மேடை நாடகப் பாட்டுகள் என்பன இத்துறையின் பொதுச் சரக்கு. ‘பெரிய எழுத்து’ என்பது வெறும் அச்சளவைக் குறிக்கும் தொடரன்று. எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும், மாலை விளக்கொளியில் பிறர் கேட்க உரக்கப் படிப்பவருக்கும் ஏற்ற நூல் என்று வாங்குவோர்க்குச் சொல்லும் அறிவிப்பு அது.

சென்னையின் குஜிலிக் கடைத்தெருவில் விற்ற இத்தகைய வெளியீடுகள் ‘குஜிலி நூல்கள்’ என்றே பெயர் பெற்றன, ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘முச்சந்தி இலக்கியம்’ (2004) அவற்றை ஆய்வுலகின் கவனத்திற்குக் கொணர்ந்தது. விற்ற இடத்தின் பெயரே இலக்கிய வகையின் பெயராகும் அளவுக்குச் சென்னையில் கடைத்தெருவுக்கும் நூலுக்கும் உறவு இருந்தது. மதுரையில் புதுமண்டபம் வகித்த இடம் இதற்கு இணையானது. ஆனால் ‘புதுமண்டப நூல்கள்’ என்றொரு வகைப்பெயர் தோன்றவில்லை. ‘குஜிலி’ என்பதில் இருந்த இழிவுக் குறிப்பு ‘புதுமண்டபம்’ என்பதில் இல்லாமையும், கோயிலின் பெருமை கடையின் மேலும் படிந்திருந்தமையும் இதற்குக் காரணமாகலாம். மதுரைப் பதிப்பாளர் கோயிலின் நிழலைத் தம் நூலுக்கு ஒரு நற்சான்றாகவே பயன்படுத்தினர் என்பது என் கருத்து.

இதே மதுரையில் 1901இல் பாண்டித்துரைத் தேவர் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். 1902இல் ‘செந்தமிழ்’ இதழ் தோன்றியது. பழஞ்சுவடிகளைப் பதிப்பித்தலும் புலவர் தேர்வுகளும் அங்கு நடைபெற்றன. பாரதியாரின் அச்சேறிய முதற் கவிதையாகக் கருதப்படும் ‘தனிமை இரக்கம்’ 1904இல் மதுரை ‘விவேகபாநு’ இதழில் வெளியாயிற்று. 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை மதுரையில் தொடங்கினார். இந்நான்கு செய்திகளும் தமிழிலக்கிய வரலாற்று நூல்களில் இடம்பெறுவன. இவற்றுக்கு நடுவே, நாடகம் பார்த்துத் திரும்பியவன் அதன் பாட்டுப் புத்தகத்தை எங்கு வாங்கினான், சங்கத்தின் வாயிலை மிதித்திராதவன் எதைப் படித்தான் என்னும் வினாக்களுக்கு விடை புதுமண்டபத்தில் உள்ளது. சங்கம் வளர்த்த தமிழும் மண்டபம் விற்ற தமிழும் ஒரே ஊரில் ஒரே காலத்தில் இருந்தன. முன்னதற்கு வரலாறு எழுதப்பட்டது. பின்னதற்கு விலைப்பட்டியல்களே எஞ்சின.

ஒரு நூலை மட்டும் இங்கு எடுத்துக் காட்டலாம். மதுரைவீரன் கதையில் மதுரையை ஆளும் மன்னனாக வருபவர் திருமலை நாயக்கர். வீரனைத் தண்டிக்க ஆணையிடுபவரும் அவரே. மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்கு வாயிலருகே மதுரைவீரனுக்குச் சன்னிதி உண்டு. எதிரே புதுமண்டபத் தூணில் திருமலை நாயக்கர் கைகூப்பி நிற்கிறார். அத்தூண்களுக்கிடையே இருந்த கடையில் மதுரைவீரன் கதையை வாங்கியவன், கதை மாந்தர் இருவரையும் சில அடித் தொலைவுக்குள் கண்டான். அரசு எழுப்பிய கட்டடத்தில் அவ்வரசின் தண்டனையைப் பாடும் நூல் விலைக்குக் கிடைத்தது. வாய்மொழிக் கதைப்பாடலை அதன் நிகழ்த்துகளத்தோடு சேர்த்து ஆராயும் நாம், அச்சேறிய கதைப்பாடலை அதன் விற்பனைக் களத்தோடு சேர்த்து ஆராயாமல் விடுவது பொருத்தமன்று.

எழுத்தாணிக்காரத் தெரு என்னும் பெயர் கொண்ட தெரு இன்றும் மதுரையில் உண்டு. ஓலையில் எழுதும் கருவி செய்தவர்களின் பெயரைத் தாங்கிய தெருவும், அச்சு நூல் விற்ற மண்டபமும் ஒரே நகரின் கோயிற்சூழலில் அமைந்தமை, தமிழ் எழுத்துத் தொழிலின் இரு காலங்களையும் ஒருசேரக் காட்டுகிறது. இது தனியே ஆராயத்தக்கது.

தையற்கடைகளும் அழகர் வேடமும்

புத்தகக் கடைகளுக்கு அடுத்து, பண்பாட்டு நோக்கில் முதன்மையானவை தையற்கடைகள். வரிசையாகத் தையற்பொறிகள் இயங்கும் ஓசை புதுமண்டபத்தின் அடையாளமாகவே இருந்தது. அன்றாட ஆடைகளோடு, தெய்வத் திருமேனிகளுக்கான ஆடைகள், தொம்பைகள், கலைஞர்களுக்கான ஆட்ட உடைகள் ஆகியன இங்குத் தைக்கப்பட்டன. சித்திரைத் திருவிழா நெருங்கும் நாள்களில் அழகர் வேடமிடுவோர்க்கான உடைகளே இங்குப் பெருந்தொழில்.

தொ. பரமசிவன் தம் ‘அழகர் கோயில்’ (1989) ஆய்வில், அழகரை வழிபட்டு வேடமிட்டு வரும் அடியார்களைத் திரியெடுத்தாடுவோர், திரியின்றி ஆடுவோர், சாட்டையடித்து ஆடுவோர், துருத்திநீர் தெளிப்போர் என வகைப்படுத்துகிறார். இவர்களுள் பெரும்பாலோர் உழவுத்தொழில் சார்ந்த சிற்றூர் மக்கள். தலையில் உருமால், இடுப்பில் கச்சை, சல்லடம் எனச் செந்நிறப் பட்டிலும் வெல்வெட்டிலும் சரிகை வைத்துத் தைத்த உடையோடு அவர்கள் வைகைக் கரைக்கு வருகின்றனர். அவ்வுடையின் வெட்டும் தையலும் எழுதிவைக்கப்பட்ட கலையன்று; கை வழியாகக் கைக்கு வந்தது. அதைத் தைத்தவர்களுள் இசுலாமியத் தையற்கலைஞர்களும் இருந்தனர். அழகர் கோயிற் சமூக உறவுகளைப் பேசும்போது துலுக்க நாச்சியார் கதையை நாம் மறவாமல் எடுத்துரைக்கிறோம். அவ்வுறவு தையற்கூலியாகவும் அளவெடுக்கும் நாடாவாகவும் ஆண்டுதோறும் நடந்துகொண்டிருந்த இடம் இது. சடங்கு ஆய்வுகள் வைகையாற்றில் தொடங்குகின்றன. சடங்கின் ஒரு பாதி அதற்குச் சில கிழமைகளுக்கு முன்பே இம்மண்டபத்தில் தொடங்கிவிடுகிறது.

கடைகள் நீங்கிய மண்டபம்

2018 பிப்ரவரி 2ஆம் நாள் இரவு, மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குப் பகுதியில் உள்ள வீரவசந்தராயர் மண்டபப் பகுதியில் கடைகளில் தீப்பற்றியது. மண்டபத்தின் கற்றூண்களும் மேற்கூரையும் பெருஞ்சேதமுற்றன. கோயில் வளாகங்களில் கடைகள் இருத்தலாகாது என்னும் கருத்து அதன்பின் வலுப்பெற்றது. நீதிமன்ற ஆணைகளும் பிறந்தன. புதுமண்டபத்தில் இருந்த ஏறத்தாழ முந்நூறு கடைகளும் 2020களின் தொடக்கத்தில் அகற்றப்பட்டு, அருகே சீர்மிகு நகரத் திட்டத்தில் கட்டப்பட்ட குன்னத்தூர் சத்திரம் வணிக வளாகத்தில் கடைக்காரர்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டது.

அகற்றியது தவறு என்று வாதிடுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. சிற்பங்களின் மேல் ஆணியடித்துச் சரக்குகளைத் தொங்கவிட்ட நிலையை நேரிற் கண்ட எவரும் அவ்வாறு வாதிடார். கல்லுக்கு வேண்டிய பாதுகாப்பைத் தீ மறுக்கவியலாத வகையில் உணர்த்திவிட்டது. எனினும் ‘ஆக்கிரமிப்பு அகற்றம்’ என்னும் தொடர் வரலாற்றுக்குப் பொருந்தாது. இக்கடைக்காரர்கள் கோயில் நிருவாகத்திற்கு வாடகை செலுத்தியவர்கள். வைகாசி உற்சவமும் வணிகமும் ஒரே கூரையின்கீழ் ஆண்டுக்கணக்கில் உடனுறைந்தன. சென்னை அண்ணா சாலையில் 1904 முதல் நிற்கும் ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக்கடைக் கட்டடத்தை, அங்கு நடந்த நூல் வணிகத்தின் பொருட்டே மரபுச் சின்னமாகப் போற்றுகிறோம். அதே அளவுகோல் புதுமண்டபத்தின் தூணிடைக் கடைக்கு ஏன் பொருந்தாது என்று கேட்கலாம். அங்கு விற்றது ஆங்கில நூல், இங்கு விற்றது அல்லி அரசாணி மாலை என்பதைத் தவிர வேறு விடையை நான் காணவில்லை.

ஐரோப்பியர் ‘சௌல்ட்ரி’ என்று அழைத்த கட்டடத்தை விட்டு நீங்கிய கடைகள், ‘சத்திரம்’ என்று பெயர் தாங்கிய கட்டடத்திற்குக் குடிபெயர்ந்தன. இந்தப் புதிய சத்திரத்தில் தங்குவதற்கு ஓர் அறையும் இல்லை, முழுவதும் கடைகளே. பெயரளவில் ஒட்டன்சத்திரத்தின் கதை இங்கு மறுபடியும் நடந்திருக்கிறது.

பதிவேடுகளில் செய்ய வேண்டியது

இனிப் புதுமண்டபத்தின் வணிக வரலாற்றை எழுத முற்படுவோர் கட்டடத்தில் காணக்கூடியது குறைவு. தூய்மைப்பணியில் கரியும் எண்ணெய்ப்பிசுக்கும் ஆணித்துளையும் போவதே முறை. எனவே நூல்களின் முகப்புப் பக்கங்களே முதன்மைச் சான்றாகின்றன. இங்குத்தான் தமிழ்த்துறையினர் கருத வேண்டிய இடர் ஒன்றுள்ளது. நூலகப் பட்டியலாக்க முறையில் பதிப்பு விவரமாக ஊர், பதிப்பாளர், ஆண்டு என்னும் மூன்றே பொதுவாகக் குறிக்கப்படுகின்றன. ‘மதுரை: இ.மா. கோபாலகிருஷ்ணக் கோன்’ என்று பதிவு நின்றுவிடும், ‘புதுமண்டபம்’ விடுபடும். சட்டம் கேட்காமலே பதிப்பாளர் தாமாக அச்சிட்ட சொல்லைப் பட்டியல் நீக்கிவிடுகிறது. மலிவுத்தாளில் அச்சான இந்நூல்கள் நொறுங்கி வருகின்றன. மின்னுருவாக்கத்தின்போது மேலட்டையும் பின்னட்டையும் சிதைந்திருந்தால் முகவரியும் விலைப்பட்டியலும் அவற்றோடு போய்விடும்.

பெரிய எழுத்து நூல்களைப் பட்டியலிடும்போதும் மின்னுருவாக்கும்போதும் முகவரி வரியை எழுத்துப் பிறழாமல் குறிப்புப் பகுதியில் படியெடுத்தல் வேண்டும். பின்னட்டை விலைப்பட்டியலைத் தனி ஆவணமாகக் கொள்ளல் வேண்டும். நூலின் அச்சகமும் விற்பனைக் கடையும் வேறுபடுமிடத்து இரண்டையும் தனித்தனியே பதிதல் வேண்டும். முனைவர் பட்ட ஆய்வுகளின் துணைநூற் பட்டியலிலேயே இதனைத் தொடங்கலாம். அதற்கு நிதி வேண்டுவதில்லை. குன்னத்தூர் சத்திர வளாகத்திற்குச் சென்ற கடைகளில், பழைய கடைப் பெயர்ப்பலகைகளும் வாடகைச் சீட்டுகளும் உடை வெட்டும் அளவுத்தாள்களும் இன்னும் குடும்பத்தாரிடம் இருக்கக்கூடும். வாய்மொழி வழக்காற்று ஆய்வாளர்கள் முதலில் செல்ல வேண்டியது அழகர் உடை தைப்போரிடம். சித்திரைக்கு முந்திய பங்குனித் திங்கள் அதற்கு ஏற்ற காலம்.